வெளி சைரன் வயர்லெஸ்ஸா வயர்டா: தொடர்பு அறுந்தா எது கத்தும்னு பாத்து வாங்குங்க

கேள்வி இதுதான்: ரெண்டு மாடி வீடு, பெயிண்ட் வரைக்கும் வேலை முடிஞ்சாச்சு, அலாரம் பேனலும் (சென்சார் சொல்றத கேட்டு சைரனுக்கு உத்தரவு கொடுக்கற பெட்டி) கதவு ஜன்னல் சென்சாரும் வயர்லெஸ், ஆனா பேனல் உள்ள வயர்டு சைரனுக்கும் டெர்மினல் இருக்கு. வெளிச்சுவர்ல மாட்ட சைரன் வாங்கணும், இன்ஸ்டால் பண்றவர் வயர்லெஸ்ஸே போதும்ங்கறார், வீட்ல ஒருத்தர் வயர் இருந்தாத்தான் நம்பலாம்ங்கறார், யார் சொல்றத கேக்கறது.

ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஆனா அத முடிவு பண்றதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற: பேனலுக்கும் சைரனுக்கும் நடுவுல இருக்கற தொடர்பு அறுந்துபோச்சுன்னா சைரன் தானா கத்துமா, இல்ல பேசாம இருந்துடுமா? விஷயம் தெரிஞ்ச திருடன் முதல்ல கை வைக்கிறது அங்கதான். வெளி சைரனோட மொத்த வேலையே அந்த ஒரு நிமிஷத்துல கத்தி அவன ஓட விடறதும் அக்கம்பக்கத்துல நாலு பேர எட்டிப் பாக்க வைக்கிறதும்தான், அது நடக்கலன்னா எந்த கம்பெனி சைரனா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

வயர்டுன்னாலே அறுத்தா கத்தும்னு நெறய பேர் நெனச்சிக்கிட்டு இருக்காங்க, எல்லா வயர்டு சைரனும் அப்படி கிடையாது. ரெண்டே வயர் வர்ற சாதாரண சைரன் ஒண்ணு இருக்கு, பேனல் 12 வோல்ட் கொடுத்தா கத்தும், நிறுத்தினா நிக்கும், அவ்ளோதான் அதுக்கு தெரியும். உள்ள பேட்டரி கிடையாது, அதனால அந்த ரெண்டு வயர கட்டிங் பிளேயர்ல வெட்டிட்டா அந்த சைரன் இருந்தும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். இத வெளிச்சுவர்ல மாட்டி, வயர சுவர் மேலயே கிளிப் அடிச்சு கொண்டுபோயிருந்தா, நல்ல வயர்லெஸ் சைரனே அதுக்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு வகை, உள்ளயே சொந்த பேட்டரியும் சொந்த சர்க்யூட்டும் வச்சது. செல்ஃப் ஆக்டிவேட்டிங் சைரன்னு சொல்வாங்க. இது வேலை செய்யற விதமே தலைகீழ். பேனல்ல இருந்து 12 வோல்ட் எப்பவும் வந்துகிட்டே இருக்கும், அதுக்கு ஹோல்ட் ஆஃப்னு பேரு, அது வர்ற வரைக்கும் சைரன் அடங்கி இருக்கும், உள்ள இருக்கற பேட்டரியும் அதுலயே சார்ஜ் ஆகிக்கிட்டு இருக்கும். கேபிள வெட்டினாலும் சரி, பேனல சுவத்துல இருந்து பிச்சு எடுத்து தரையில போட்டு உடைச்சாலும் சரி, அந்த வோல்டேஜ் நின்ன உடனே சொந்த பேட்டரில கத்த ஆரம்பிச்சிடும். அப்போ கரண்ட் போனா ராத்திரி பூரா கத்துமான்னு கேப்பீங்க, கத்தாது, பேனலுக்குள்ள பேக்கப் பேட்டரி இருக்கறதால ஹோல்ட் ஆஃப் தொடர்ந்து வரும், பேனல் பேட்டரி செத்துக் கிடந்தாத்தான் அந்த பிரச்சனை. வயர்டு சைரன் நல்லதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்றப்போ இந்த வகைய மனசுல வச்சுத்தான் சொல்றாங்க, கடையில ரெண்டையும் வயர்டு சைரன்னே எடுத்து வைப்பாங்க, அதனால உள்ள பேட்டரி இருக்கா, ஹோல்ட் ஆஃப் டெர்மினல் இருக்கான்னு நீங்கதான் கேட்டு வாங்கணும்.

வயர்லெஸ்ல இதே கேள்விய கேட்டுப் பாருங்க. சைரன்ல பேட்டரி உள்ளயேதான் இருக்கு, வெட்டறதுக்கு கேபிளே இல்ல, அது பெரிய பிளஸ். ஆனா கத்துன்னு உத்தரவு பேனல்ல இருந்து ரேடியோல வந்தாத்தான் கத்தும். இப்போ ஒருத்தன் முன்கதவ உடைச்சு உள்ள வர்றான், கதவு சென்சார் பேனலுக்கு சொல்லுது, பேனல் நீங்கதான் வந்திருக்கீங்களோன்னு 30 விநாடி என்ட்ரி டிலே கொடுத்து பீப் பீப்னு காத்துக்கிட்டு இருக்கு, அவன் அந்த பீப் சத்தத்த வச்சே பேனல் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு நாலு அடியில உடைச்சிடறான். உத்தரவு கொடுக்க ஆளே இல்ல, வெளிய சைரன் முழு பேட்டரியோட சும்மா உக்காந்திருக்கும். ஹோல்ட் ஆஃப் இருக்கற வயர்டு சைரனா இருந்தா பேனல் செத்த அந்த நொடியே கத்தியிருக்கும். வயர்லெஸ்ஸுக்கு எதிரா பேசறவங்க ரேடியோ சிக்னல அமுக்கற ஜாமர் கருவி பத்தியே பேசறாங்க, என்னைக் கேட்டா இந்த பேனல் உடைக்கிற கதைதான் வீடுகள்ல அதிகமா யோசிக்க வேண்டியது, ஏன்னா அதுக்கு எந்த கருவியும் வேணாம், ஒரு சுத்தியல் போதும்.

நல்ல சிஸ்டம்ல இதுக்கு வழி பண்ணியிருக்காங்க. சிலதுல என்ட்ரி டிலே ஆரம்பிச்ச உடனே பேனல் சைரனுக்கோ இணையத்துல இருக்கற சர்வருக்கோ முன்கூட்டியே தகவல் அனுப்பி வச்சிடும், குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஆஃப் பண்ணிட்டாங்கன்னு தகவல் வரலன்னா அலாரம்னு எடுத்துக்கும். சர்வர் வழியா போறது உங்க போனுக்கு எச்சரிக்கை கொடுக்கும், ஆனா சுவத்துல இருக்கற சைரன கத்த வைக்காது, அந்த வித்தியாசத்த கவனிங்க. உங்க பேனலோட மேனுவல்ல இது இருக்கான்னு பாருங்க, இல்லன்னா குறைஞ்சது பேனல கதவுக்கு எதிர்லயே மாட்டாம உள் ரூம்ல மாட்டி, என்ட்ரி டிலேய 30ல இருந்து 15 விநாடிக்கு குறைங்க, கீபேட் மட்டும் கதவு பக்கத்துல இருந்தா போதும்.

சென்சார் எல்லாம் வயர்லெஸ்ல அருமையா வேலை செய்யுதே, சைரன் மட்டும் என்ன தனின்னு தோணும். தனிதான். கதவு சென்சார் நாள் பூரா தூங்கும், கதவு திறந்தா எழுந்து ஒரு தகவல் அனுப்பிட்டு திரும்ப தூங்கும், அதனாலதான் சின்ன பேட்டரில வருஷக்கணக்கா ஓடுது. சைரன் அப்படி தூங்க முடியாது, எப்ப கூப்பிடுவாங்கன்னு அது காது கொடுத்து கேட்டுக்கிட்டே இருக்கணும். ரேடியோ ரிசீவர் ஆன்ல இருந்தா சுமாரா 15 மில்லிஆம்பியர் இழுக்கும்னு வச்சுக்கோங்க, சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி ஒண்ணோட கொள்ளளவு 1500 மில்லிஆம்பியர் அவர் கிட்ட, கணக்கு போட்டா 100 மணி நேரம், நாலு நாள்ல காலி. அதனால சைரன் விட்டு விட்டு கண்ணு முழிக்கும், ஒரு விநாடிக்கு ஒரு தடவையோ ரெண்டு மூணு விநாடிக்கு ஒரு தடவையோ சில மில்லிவிநாடி கேட்டுட்டு திரும்ப தூங்கும். வயர்லெஸ் சைரன் கத்தறதுக்கு ஒரு நொடி ரெண்டு நொடி தாமதம் ஆகறது இதனாலதான், அது கோளாறு இல்ல. பேட்டரி மூணு வருஷம் அஞ்சு வருஷம்னு அட்டையில போட்டிருக்கறதும் சைரன் ரொம்ப அபூர்வமா கத்தும்ங்கற நம்பிக்கையில போட்டதுதான், அடிக்கடி தப்பு அலாரம் வர்ற வீட்ல அது பாதியா குறைஞ்சாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

வயர்லெஸ்லயே ஒருவழி, இருவழின்னு ரெண்டு இருக்கு, வாங்கறப்போ முக்கியமா பாக்க வேண்டியது இது. விலை குறைஞ்ச 433 மெகாஹெர்ட்ஸ் சைரன் பலதும் ஒருவழிதான், பேனல் சொல்றத கேக்கும், பதில் சொல்லாது. பேட்டரி இறங்கிடுச்சா, யாராவது கழட்டி எடுத்துட்டு போயிட்டாங்களான்னு பேனலுக்கு தெரியவே தெரியாது, நீங்க டெஸ்ட் பண்ணி பாக்கற அன்னிக்குத்தான் தெரியும். அதுல ஃபிக்ஸட் கோடு, அதாவது ஒவ்வொரு தடவையும் ஒரே கோட அனுப்பறது, இன்னும் மோசம், ரிமோட் சிக்னல ஒரு தடவை பிடிச்சு பதிவு பண்ணி வச்சுக்கிட்டா திரும்ப அதையே அனுப்பி சிஸ்டத்த ஆஃப் பண்ண முடியும். அந்த மாதிரி சைரன நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன். இருவழி சைரன் குறிப்பிட்ட இடைவெளியில நான் இருக்கேன்னு பேனலுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும், அதுக்கு சூப்பர்விஷன்னு பேரு, அந்த இடைவெளி சில சிஸ்டத்துல சில விநாடி, சிலதுல மணிக்கணக்கு, செட்டிங்ல மாத்த முடிஞ்சா குறைச்சு வைங்க. குறைச்சா பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவால்ல. ஜாமர் வச்சு சிக்னல மறைச்சாலும் பேனல் அத கவனிச்சு சொல்ற வசதி இருக்கான்னு பாருங்க, அந்த எச்சரிக்கை வந்தா உள் சைரன் அடிக்கிற மாதிரி செட் பண்ணி வைக்கணும், வெறுமனே பேனலோட பதிவுல எழுதி வச்சா யாருக்கு லாபம்.

தூரம் பத்தி அட்டையில 500 மீட்டர் 1000 மீட்டர்னு இருக்கறது தடையே இல்லாத வெட்டவெளில. வீட்டுக்குள்ள கம்பி கட்டின கான்கிரீட், தகரம், அலுமினிய ஃபாயில் வச்ச தெர்மல் ஷீட், உலோக பூச்சு பூசின கண்ணாடி, தண்ணி நிறைஞ்ச டேங்க் இதெல்லாம் சிக்னல தின்னும். பேனல இரும்பு பீரோ பக்கத்துலயோ மின்சார டிபி பாக்ஸ ஒட்டியோ மாட்டினா இன்னும் குறையும். அதனால ட்ரில் எடுக்கறதுக்கு முன்னாடி சைரன மாட்டப்போற இடத்துல ஒருத்தர் கையில பிடிச்சுக்கிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் மூடி, பேனல்ல சிக்னல் லெவல் பாருங்க. சும்மா ஒப்பேத்தற அளவு காட்டினா அந்த இடம் வேணாம், மழையில சுவர் நனைஞ்சா இன்னும் இறங்கும். சிக்னல வாங்கி திரும்ப அனுப்பற ரிப்பீட்டர் போட்டு சமாளிக்கலாம், ஆனா ரிப்பீட்டருக்கும் கரண்டும் பேட்டரியும் வேணும், கெட்டுப்போக இன்னொரு பொருள் கூடுது, முடிஞ்சா இடத்த மாத்தறதே நல்லது.

இப்போ வயர்டு பக்கம் என்ன தொல்லைன்னு பாப்போம், ஏன்னா வயர் போட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறதும் உண்மை இல்ல. முதல் விஷயம் கேபிள். அலாரத்துக்குன்னு வர்ற மெல்லிசு கேபிள்ல ஒரு கோர், அதாவது உள்ள இருக்கற ஒரு வயர், 0.22 சதுர மில்லிமீட்டர், 100 மீட்டருக்கு 8 ஓம் கிட்ட ரெசிஸ்டன்ஸ். பேனல்ல இருந்து சைரனுக்கு 30 மீட்டர்னா போக வர 60 மீட்டர், 5 ஓம் கிட்ட வரும், சைரன் கத்தும்போது 400 மில்லிஆம்பியர் இழுத்தா 2 வோல்ட் வழியிலயே போயிடும், 12 கிளம்பினா 10தான் போய் சேரும். சைரன் கத்தும், ஆனா தொண்டை கட்டின மாதிரி கத்தும். பவருக்கு ரெண்டு ரெண்டு கோர சேத்து முறுக்கி கொடுத்தா நஷ்டம் பாதியாகும். இதுக்குத்தான் 6 கோர் கேபிள்னு வாங்காம 8 கோரா போடுங்கன்னு சொல்றது, ஹோல்ட் ஆஃப், மைனஸ், சைரன கத்த வைக்கிற ட்ரிகர், லைட்ட எரிய வைக்கிற ட்ரிகர், யாராவது மூடிய கழட்டினா காட்டிக் கொடுக்கற டேம்பர்னு அஞ்சு வயர் அதுலயே போயிடும். அலுமினியத்து மேல செம்பு பூசின கேபிள் விலை கம்மியா கிடைக்கும், வாங்காதீங்க, ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்கு, வளைச்சா உடையவும் செய்யும்.

மெயின்ஸ் கரண்ட் போற பைப்லயே இந்த கேபிளையும் சேத்து இழுக்கக்கூடாது, இன்ஸ்டால் பண்றவர் ரெடி பைப் இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க, இன்சுலேஷன் ஒரு இடத்துல போனா பேனலுக்கு மெயின்ஸ் வந்துடும், அத தொடறவங்களுக்கும் ஆபத்து. சைரன வீட்ட விட்டு தனியா இருக்கற கார் ஷெட்லயோ அவுட்ஹவுஸ்லயோ மாட்டணும்னா வெளியில நீளமா ஓடற கேபிள் இடி மின்னல் சமயத்துல திடீர்னு எகிறற வோல்டேஜ (சர்ஜ்) வாங்கி பேனல் வரைக்கும் கொண்டுவந்துடும், அந்த மாதிரி இடத்துக்கு நான் யோசிக்காம வயர்லெஸ்ஸத்தான் சொல்வேன். இன்னொண்ணு, பேனல்ல சைரன் அவுட்புட் எவ்ளோ ஆம்பியர் தாங்கும்னு மேனுவல்ல இருக்கும், ரெண்டு மூணு சைரன ஒரே டெர்மினல்ல தொங்க விட்டா ஃபியூஸ் போகும். சில பேனல், கேபிள் அறுந்துச்சான்னு தெரிஞ்சுக்க, அந்த லைன்ல ஒரு ரெசிஸ்டர எதிர்பாக்கும், அது சைரன் பக்கத்து முனையில இருக்கணும், பேனல் பக்கத்துல போட்டு ஃபால்ட் மெசேஜ மட்டும் வராம பண்ணிட்டு போறவங்க உண்டு, அப்புறம் கேபிள் அறுந்தாலும் பேனல் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லும்.

வயர்டு சைரனுக்கு மெயின்டனன்ஸே கிடையாதுன்னு சொல்றதையும் நம்பாதீங்க. அந்த ஹோல்ட் ஆஃப் விளையாட்டு பூரா உள்ள இருக்கற பேட்டரிய நம்பித்தான் இருக்கு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடோ சின்ன லெட் ஆசிடோ எதுவா இருந்தாலும் வெயில்ல காயற டப்பாக்குள்ள மூணுல இருந்து அஞ்சு வருஷம்தான். அது செத்துப்போனாலும் பேனல்ல இருந்து கரண்ட் வர்ற வரைக்கும் சைரன் சாதாரணமா கத்தும், டெஸ்ட் பண்ணா ஓகேன்னு காட்டும், வயர வெட்டற அன்னிக்கு மட்டும் கத்தாது. இருவழி வயர்லெஸ் சைரன் இந்த விஷயத்துல நேர்மையானது, பேட்டரி இறங்கினா ஆப்ல சொல்லிடும். பேட்டரி மாத்தும்போது எல்லா செல்லையும் ஒண்ணா ஒரே கம்பெனிதா மாத்துங்க, சிஆர்123ஏ சைஸ்ல ரீசார்ஜபிள் கிடைக்குதுன்னு போடாதீங்க, வோல்டேஜ் வேற. 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் வகை செல் வர்ற சைரனா இருந்தா இன்னொரு குணம் உண்டு, ரொம்ப நாள் சும்மா இருந்தா உள்ள ஒரு படலம் கட்டி, திடீர்னு பெரிய லோடு வந்தா முதல் சில நொடி வோல்டேஜ் சரியும், மாசம் ஒரு தடவை சைரன சில விநாடி அடிச்சு பாக்கறது அதுக்கும் நல்லது. சோலார் பேனல் வச்ச சைரன் நல்ல வெயில் படற சுவருக்கு ஓகே, நிழல் சுவர்ல மாட்டினா அந்த சோலார் வெறும் அலங்காரம்.

சத்தத்துல வயர்டு பெருசா வயர்லெஸ் பெருசான்னு கேட்டா, பொதுவா பெரிய வித்தியாசம் இல்ல, அட்டைய ஒழுங்கா படிக்கணும். 120 டெசிபல்னு போட்டிருப்பாங்க, 30 சென்டிமீட்டர்ல அளந்ததா 1 மீட்டர்ல அளந்ததான்னு சின்ன எழுத்துல இருக்கும், 30 சென்டிமீட்டர்ல 120ங்கறது 1 மீட்டர்ல 110 கிட்டதான். தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், அப்போ 1 மீட்டர்ல 110 இருக்கறது 10 மீட்டர்ல 90, 40 மீட்டர்ல 78, பக்கத்து வீட்ல ஜன்னல மூடி தூங்கறவங்களுக்கு அதுல இன்னும் 20, 25 குறைஞ்சு பேச்சு சத்தம் அளவுலதான் கேக்கும். அதனால ஒரே பெரிய சைரன தேடறத விட தெரு பக்கம் ஒண்ணு, பின்பக்கமோ வீட்டுக்குள்ளயோ ஒண்ணுன்னு ரெண்டு வைக்கறது புத்திசாலித்தனம். உள்ள அடிக்கிற சைரன் திருடன நிக்க விடாது, காது வலிக்கும். பளிச் பளிச்னு மின்னற ஸ்ட்ரோப் லைட் இருக்கற மாடலா வாங்குங்க, சத்தம் எந்த வீட்ல இருந்து வருதுன்னே ராத்திரில தெரியாது, லைட்தான் காட்டிக் கொடுக்கும்.

எந்த வகையா இருந்தாலும் மூடிய கழட்டினாலும் சுவத்துல இருந்து பிச்சாலும் கத்தற ரெண்டு டேம்பரும் இருக்கணும், தூசி தண்ணி எவ்ளோ தாங்கும்னு சொல்ற ஐபி ரேட்டிங், மழையில நனையற இடம்னா ஐபி65, நல்ல சன்ஷேட் கீழன்னா ஐபி44 போதும். உயரம் 3 மீட்டருக்கு மேல, பால்கனில இருந்தோ காம்பவுண்ட் சுவர் மேல நின்னோ எட்ட முடியாத இடம், தெருவுல இருந்து பாத்தா தெரியணும். ஃபோம் ஸ்ப்ரே உள்ள அடிச்சு சத்தத்த அமுக்கற வேலையும் நடக்கும், சில சைரன் அதையும் கண்டுபிடிச்சு கத்தும், கிடைச்சா நல்லது. ஐரோப்பிய தரநிலை ஈஎன் 50131-4 படி கிரேடு 2ன்னு போட்டிருந்தா வீட்டுக்கு நம்பி வாங்கலாம். வயர்டுன்னா கேபிள் சைரனுக்கு நேர் பின்னாடி சுவத்துல இருந்தே வெளிய வரணும், வெளில ஒரு இன்ச் கூட கண்ணுல படக்கூடாது, ஓட்டைய வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ் சாய்வா போட்டா மழைத்தண்ணி உள்ள வராது. சிலிகான மேலயும் ரெண்டு பக்கமும் மட்டும் பூசுங்க, கீழ திறந்தே இருக்கட்டும், உள்ள சேர்ற ஈரம் வடிய வழி வேணும்.

சரி, உங்க வீட்டுக்கு. பேனல் இருக்கற ரூமோட சுவரே வெளிச்சுவரா இருந்தா, இல்ல ஃபால்ஸ் சீலிங் வழியா கேபிள் இழுக்க முடிஞ்சா, ஹோல்ட் ஆஃபும் பேட்டரியும் இருக்கற வயர்டு சைரன போடுங்க, உங்க பேனல்ல டெர்மினல் இருக்கறது அதுக்குத்தான். நாளைக்கு பேனல் மாத்தினாலும் 12 வோல்ட் சைரன் கூடவே வரும், வயர்லெஸ் சைரன் அந்த கம்பெனி பேனல் போனா அதோட போச்சு. கேபிளுக்காக புது பெயிண்ட உடைச்சு காடி வெட்டணும்னா அதுக்கு அவசியமே இல்ல, பேனல் கம்பெனியோட சொந்த இருவழி வயர்லெஸ் சைரன வாங்குங்க, வேற கம்பெனிது கலக்காதீங்க. அதுலயும் வெளி 12 வோல்ட் இன்புட் இருக்கற மாடல் கிடைச்சா, பக்கத்துல இருக்கற பாயிண்ட்ல இருந்து ஒரு சின்ன அடாப்டர் வச்சு, உத்தரவு ரேடியோல பவர் வயர்லன்னு ஓட்டலாம். அப்படி பவர் கொடுத்தா சில மாடல் தூங்காம எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கும், தாமதமும் போச்சு, பேட்டரி வெறும் பேக்கப்பா நிக்கும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்ப பிடிக்கும். பேனல் உள் ரூம்ல, என்ட்ரி டிலே 15 விநாடி, உள்ள இன்னொரு சைரன், இது மூணும் வயர்லெஸ் எடுத்தா கண்டிப்பா வேணும்.

மாட்டி முடிச்ச அன்னிக்கே, இன்ஸ்டால் பண்றவர் கிளம்பறதுக்கு முன்னாடி, அக்கம்பக்கத்துல சொல்லிட்டு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு இத செய்ய சொல்லுங்க: வயர்டுன்னா பேனல்ல ஹோல்ட் ஆஃப் வயர கழட்டணும், சைரன் தானா கத்தணும். வயர்லெஸ்னா சைரன் மூடிய திறக்கணும், பேனல்ல டேம்பர் வரணும், அப்புறம் சைரன் பேட்டரிய எடுத்து வச்சுட்டு எவ்ளோ நேரத்துல பேனல் சைரன காணோம்னு சொல்லுதுன்னு கடிகாரம் வச்சு பாக்கணும். கத்தலன்னா, இல்ல மணிக்கணக்கா பேனல் கண்டுக்கவே இல்லன்னா, அப்பவே சரி பண்ணி வாங்குங்க. பேட்டரி போட்ட மாசமும் வருஷமும் ஒரு சின்ன சீட்டுல எழுதி பேனல் கதவு உள்பக்கம் ஒட்டி வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவை இதே டெஸ்ட திரும்ப பண்ணுங்க.